இரட்டை வேடம் கவர்ச்சிக்காக அல்ல
மறுபிறவியை வைத்து எடுத்த 'டெட் அகெய்ன்' (1991) என்ற ஆங்கிலப் படத்தில் கென்னத் பிரானாவும் எம்மா தாம்ப்சனும் இரட்டை வேடம் போட்டது நட்சத்திரக் கவர்ச்சிக்காகத்தான் என்று அந்தப் படத்தைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கதையின் முடிச்சே அங்குதான் இருக்கிறது (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்). 'நெஞ்சம் மறப்பதில்லை' போன்ற மறுபிறவிப் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அதே முகம் என்றால் அதே உயிர். அதனால் நினைவிழந்து வரும் கிரேஸ்தான் 1940களில் கத்தரிக்கோலால் குத்திக் கொல்லப்பட்ட மார்கரெட், துப்பறியும் மைக்தான் அவள் கணவன் ரோமன் என்று கேள்வியே இல்லாமல் நம்பிவிடுகிறோம். ஆனால் முற்பிறவியை நினைவுக்குக் கொண்டுவரும் ஹிப்னாசிஸில் (மனவசியத்தில்) மைக் போய் நிற்பது மார்கரெட்டாக! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகங்களை வைத்து நாமே போட்ட கணக்கு அப்படியே தலைகீழாகிறது. வேறு நடிகர்களைப் போட்டிருந்தால் இந்த அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் 1940களில் நடக்கும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் வீண் பகட்டு என்கிறார். அவை முதலில் வண்ணத்தில்தான் படமாக்கப்பட்டன. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்கள் இரண்டு காலங்களையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றினார்கள். அதை எப்படிப் பகட்டு என்று சொல்வது?