பகல்ல "லைட்டு எரியுது", ராத்திரியில கண்ணே எரியுது

மதியம் பன்னெண்டு மணி. வெயில் மண்டையப் பொளக்குது. எதிர்ல வர்ற பெரியவரு கைய நீட்டி விரல விரிச்சு விரிச்சு மூடுறாரு. "தம்பி, லைட்டு எரியுது!" அடுத்த தெருவுல ஒரு அக்கா. சிக்னல்ல ஒரு ஆட்டோக்காரர். 2017 ஏப்ரல்லேர்ந்து வர்ற டூவீலருக்கெல்லாம் இன்ஜின் ஓடுனா லைட் தானா எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது சாமின்னு எத்தன பேருக்குத்தான் சொல்றது? சரி, அக்கறையில சொல்றாங்க. ஆனா இதே ஜனம்தான் ராத்திரி ஏழு மணிக்கு மேல ஹை பீமப் (தூரத்துக்கு அடிக்கிற வெளிச்சம்) போட்டு என் மூஞ்சியில அடிச்சிக்கிட்டு வருது. அப்ப அந்த அக்கறை எங்க போயி படுத்துக்குது?

நான் தினமும் தஞ்சாவூர்ல வேலைய முடிச்சிட்டு மன்னார்குடி பக்கம் வீட்டுக்குப் போறவன். வடுவூர் தாண்டுனா தெருவிளக்கு அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. என் வண்டியில கம்பெனி குடுத்தது 35 வாட்ஸ் ஹாலஜன். சமையக்கட்டுல அம்மா ஏத்தி வச்ச சிம்னி விளக்கு கூட கொஞ்சம் மனசு வச்சு எரியும். லட்ச ரூபாய்க்கு மேல வாங்குறான், டேங்க்ல மூணு கலர் ஸ்டிக்கர் ஒட்டுறான், போனோட கனெக்ட் ஆகுற மீட்டர் குடுக்குறான். ரோட்டுல என்ன கிடக்குன்னு பாக்க மட்டும் வெளிச்சம் குடுக்க மாட்டானாம்.

போன குறுவை அறுப்பு சமயம். 50ல போயிட்டு இருக்கேன். 50ன்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். எதிர்ல ஒரு கார், பம்பர்ல ரெண்டு வெள்ளை லைட்டு எக்ஸ்ட்ரா. லைட்ட மினுக்கி பாஸ் அடிச்சுப் பாத்தேன், டிம் பண்ணல. அது கடந்து போனதும் கண்ணுக்குள்ள ஒரே பச்சையும் ஊதாவுமா வட்டம் வட்டமா மிதக்குது. அந்த ரெண்டு மூணு செகண்டுல நான் குருடன்தான். பார்வை திரும்பி வர்றப்ப முன்னாடி ரோட்டுல பாதிக்கு கறுப்பு தார்ப்பாய், சுத்தி வரிசையா செங்கல்லு. நெல்லு காயப்போட்டு மூடி வச்சிருக்காங்க. கறுப்பு ரோட்டுல கறுப்பு தார்ப்பாய்! பிரேக்க அழுத்துன அழுத்துல பின்சக்கரம் கோணிக்கிட்டுப் போயி, முன்சக்கரம் முதல் செங்கல்ல முட்டித்தான் நின்னுச்சு. காவலுக்குப் படுத்திருந்த அண்ணன் எழுந்திரிச்சு, "பாத்து வரக் கூடாதா தம்பி?"ன்னாரு. பாக்கத்தாண்ணே வழியில்ல. அவரத் திட்டவும் மனசு வரல. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டான். களம் இல்லாதவரு ரோட்டுலதான் காயப்போடுவாரு.

மறுநாளே மெக்கானிக் கடைக்குப் போனேன். அவரு நிமிந்து கூடப் பாக்கல. "எல்இடி மாத்திருங்க தம்பி, எல்லாரும் அதான் போடுறாங்க." அறுநூறு ரூவா. அட்டைப்பெட்டியில வெளிச்சத்தோட அளவு இருபதாயிரம் லூமென்னு அச்சடிச்சிருந்தான். நம்ம வண்டியில வர்ற ஹாலஜன் ஆயிரத்தையே எட்டாது. உள்ளங்கையில அடங்குற பல்புல இருபதாயிரமாம், ஸ்டேடியத்துக்கா லைட்டு போடுறான்? போட்டேன். பளீர்னு வெள்ளைவெளேர்னு அடிச்சுது. வேப்பமரத்துல தூங்குற காக்கா தெரியுது, மாடி வீட்டு கைப்பிடிச் சுவர் தெரியுது. ரோட்டுல இருக்குற பள்ளம் மட்டும் தெரியல.

நாலாவது நாள் சித்தப்பா வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. "நேத்து ஏழரை மணிக்கு பாலத்துகிட்ட வந்தது நீயாடா? எவன்டா இவன் கண்ண நோண்டுறான்னு திட்டிக்கிட்டே வரப்புல வண்டிய எறக்கிட்டேன். கிட்ட வந்தா நம்ம வீட்டு வண்டி!"

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நான் திட்டுற கூட்டத்துல நானே சேந்துட்டேன்.

அப்புறம் உக்காந்து டூம, அதான் ஹெட்லைட் கூட்டக் கழட்டிப் பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. ஹாலஜன் பல்புல லோ பீம் (கிட்டக்க ரோட்டுல அடிக்கிற வெளிச்சம்) இழைக்கு அடியில குட்டியா ஒரு தகரக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் கீழ் ரிஃப்ளெக்டருக்குப் போகாம அதுதான் தடுக்குது. மேல் பாதியில மட்டும் பட்டு ரோட்டப் பாத்து இறங்கும். அந்த இழை எந்த இடத்துல இருக்கோ அதக் கணக்குப் பண்ணித்தான் ரிஃப்ளெக்டரையே வளைச்சிருக்கான். எல்இடி பல்புல வெளிச்சம் தர்ற சிப்பு ஒரு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி உக்காந்தாலே கணக்கு மொத்தமும் போச்சு. வெளிச்சம் எதிர்ல வர்றவன் கண்ணுக்கும் காக்காவுக்கும் போகுது. மழையில இன்னும் கேவலம், முன்னாடி வெள்ளைத் திரை கட்டுன மாதிரி ஆயிடும். இதையெல்லாம் ஒரு மெக்கானிக் சொன்னாரா? "பளிச்சுன்னு இருக்குல்ல" அவ்வளவுதான் அவங்க டெஸ்ட்டு. இன்னொருத்தரு 100 வாட்ஸ் பல்பு போடுறேன்னாரு. அது போட்டு ஹோல்டரு உருகி, டூமு உள்பக்கம் புகை படிஞ்ச வண்டிய நானே பாத்திருக்கேன்.

பழைய பல்பையே திரும்ப மாட்டி, மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன். வண்டி ஓடறப்ப பேட்டரியில 13.8 வோல்ட். பல்பு மாட்டுற ஹோல்டர்ல 11.9! மீதி ரெண்டு வோல்ட்ட நூல் மாதிரி வயரும், ஹேண்டில்பார் சுவிட்சும், வயர் சேர்ற இடத்துல பச்சை பூத்த கப்ளரும் வழியிலயே தின்னுருக்கு. ஹாலஜன்ல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் குறையும். அப்ப எனக்கு வர வேண்டிய வெளிச்சத்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ரோட்டுக்கே வந்திருக்கு. ஐநூறு ரூவாய்க்குள்ள ரிலே, தடிமனான வயரு, நடுவுல ஒரு ஃபியூஸ். சுவிட்சு இப்ப ரிலேக்கு உத்தரவு போடும், பல்புக்கு கரண்டு பேட்டரியிலேர்ந்து நேரா போகும். எடுத்தவுடனே வித்தியாசம் தெரிஞ்சுது.

டூமுக்குக் கீழ வெளிச்சத்த மேல கீழ திருப்புற ஒரு ஸ்க்ரூ இருக்கு. ஆறு வருஷமா எத்தனையோ சர்வீஸ் விட்டேன், ஒருத்தன் அதத் தொட்டதில்ல. டயருக்குக் காத்து சரியா அடிச்சு, தம்பிய சீட்டுல உக்கார வச்சு, சுவத்துலேர்ந்து 25 அடி தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் உயரத்துக்கு சாக்பீஸ்ல கோடு போட்டேன். லோ பீமோட மேல் விளிம்பு கோட்டுக்கு அரை அடி மேல அடிக்குது. திருகி ரெண்டு மூணு இஞ்ச் கீழ கொண்டாந்தேன். காசு? பூஜ்யம். ஹெல்மெட் கண்ணாடிய மாத்துனது இன்னொண்ணு. அந்தக் கீறல்தான் ஒவ்வொரு லைட்டையும் நட்சத்திரமா ஆக்கிக்கிட்டு இருந்திருக்கு.

ஆனா எதிர்ல வர்றவன்? கம்பெனி குடுத்தத மாத்துனா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூவா அபராதம்னு 2019 திருத்தச் சட்டத்துல இருக்கு. வண்டிய மறிக்கிற போலீஸ்காரங்க ஹெல்மெட் இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கான்னு மட்டும் கேட்டு அனுப்பிடுறாங்க. முன்னெல்லாம் ஹெட்லைட்ல கறுப்பு ஸ்டிக்கராவது ஒட்டி விடுவாங்க. இப்ப அதுவும் இல்ல. கட்டைவிரல் பக்கத்துலயே இருக்குற டிம் பிரைட் சுவிட்சு எதுக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. மீட்டர்ல ஹை பீம்னு காட்டுற நீல லைட்டு எரிஞ்சா அலங்காரம்னு நினைச்சிக்கிறான் போல.

நேத்து சித்தப்பா போன் பண்ணாரு. "டேய், நீ கழட்டுன அந்த எல்இடி சும்மாதான கிடக்கு? எனக்குக் குடு."

"சித்தப்பா, அதுக்குத்தான அன்னைக்கு என்னைத் திட்டுனீங்க?"

"எதிர்ல வர்றவன் பூரா அதத்தான்டா போட்டிருக்கான். நான் மட்டும் எதுக்கு வரப்புல எறங்கணும்?"

தொலைஞ்சு போச்சு சித்தப்பான்னு சொல்லியிருக்கேன். டூல்ஸ் பாக்ஸ்லதான் கிடக்கு.