அந்தக் கையெழுத்து போலீஸுக்குப் போட்டது இல்லை
விபத்தில் சிக்கியவரின் ரத்தத்தைப் போலீஸ் கேட்டால் மருத்துவமனை உடனே கொடுத்தாக வேண்டும் என்று ஒரு கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. நம் மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ஒருவர் நோயாளியாகப் படுத்திருக்கும்போது, அவரைக் கவனிக்கும் மருத்துவர் அனுமதித்தால்தான் சோதனைக்கு ரத்தம் கேட்கவே முடியும். பினாங்கில் 20 வருடத்துக்கு மேல் அவசரப் பிரிவில் தாதியாக இருந்தவள் நான். ஓர் இரவு, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்த பையனுக்கு, அவன் அம்மா அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாளைக் காட்டி, "அதான் சம்மதம் கொடுத்தாச்சே, ரத்தம் எடுங்க மிஸ்ஸி" என்றார் போலீஸ் சார்ஜன். அது பிள்ளை உயிரைக் காப்பாற்றக் கொடுத்த சம்மதம், வழக்குக்குக் கொடுத்தது இல்லை. மறுத்தேன், அவர் குரலை உயர்த்தினார், கையிலிருந்த ஊசித் தட்டு நடுங்கியது. டாக்டர் வந்து "இப்போது முடியாது" என்று கோப்பில் எழுதிய பிறகுதான் அடங்கினார். அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் "தாதிகளுக்கு எதற்கு இந்த வீம்பு" என்று கேட்டிருக்கிறார். வீம்பு இல்லை ஐயா, வாய் திறக்க முடியாதவருக்காக அந்த நேரத்தில் பேச வேறு யார் இருக்கிறார்? 2017இல் அமெரிக்காவின் யூட்டாவில், வாரண்டு இல்லாமல், நினைவிழந்த நோயாளியிடம் ரத்தம் எடுக்க விடாத தாதிக்குக் கைவிலங்கே போட்டார்கள். அப்புறம் நகர நிர்வாகமும் அந்த மருத்துவமனையை நடத்தும் பல்கலைக்கழகமும் அவருக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தன.