முற்றத்தில் ஸ்பேனர் பிடித்தால் என்ன குறைந்துவிட்டது?

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம தம்பி ஒருவன் டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டு கராஜில் தன் டொயோட்டா ஃபார்ச்சூனரை ஆஃப் ரோடுக்காக, அதாவது கரடுமுரடான பாதைக்காக, உயரமாக்கத் தூக்கி நிறுத்திப் போட்ட படத்தையும், அதற்குக் கீழே கமெண்ட்டில் நடந்த கூத்தையும் எல்லாரும் பார்த்தீர்கள். "பேக்யார்ட் வேலை", "புள்ளைங்க ஏறுற வண்டிப்பா", "நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு ஆஃப் ரோடு". தம்பி கடைசியில் பதிவையே எடுத்துவிட்டான். நான் எடுக்கமாட்டேன். திட்டுகிறவர்கள் வரிசையில் வரலாம்.

குடும்ப வண்டியை வீட்டில் வைத்து மாற்றுவது குற்றமில்லை. அளக்காமல் மாற்றினால் குற்றம். பளபளப்பான கடையில் அளக்காமல் செய்தாலும் அதே குற்றம், பில் மட்டும் கூடுதல்.

முதலில் அந்தப் படத்தையாவது யாராவது ஒழுங்காகப் பார்த்தீர்களா? சேஸிக்கு அடியில் இரண்டு பக்கமும் வண்டியைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்ட். பின் சக்கரத்துக்கு முட்டு. தரை சமமான கான்கிரீட், சாட்ஸ்வொர்த் மேட்டில் அப்படி ஓர் இடம் கிடைப்பதே பெரிது. ஏபிஎஸ் (பிரேக் சென்சார்) கம்பியை கிளிப்பிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையை இறக்கியிருக்கிறான். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் (அதிர்வு தாங்கி) பிரிக்காமல் மேலே உள்ள மூன்று நட்டுகளைக் கழற்றி முழுசாக வெளியே எடுத்திருக்கிறான். நடு நட்டைத் தொடவில்லை. அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை அந்த நடு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தெரியாமல் கழற்றினால் முகத்தைப் பெயர்த்துவிடும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவது புத்திசாலித்தனம். அவன் அதைத்தான் செய்தான். "பேக்யார்ட்" என்று எழுதிய அண்ணன்மார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்று. இந்த ஃபார்ச்சூனரை எங்கே தயாரிக்கிறார்கள்? டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில். ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் பக்கம்தான். அந்த ஆலையில் போல்ட் முடுக்குகிறவர்களில் நம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. பகலில் சீருடையோடு முடுக்கினால் தொழில்நுட்பம், சாயங்காலம் வீட்டில் முடுக்கினால் பேக்யார்டா?

சரி, தம்பியிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. வரிசை தப்பு. தூக்குவதற்கு முன்னால் டயர். பின்னால் இருப்பது ஒரே தண்டான ஆக்சில். அதன் நடுவில் தொங்கும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரங்கள் உள்ள டிஃப் பானைதான் கல்லில் முதலில் இடிக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயரமாக்கினாலும் அந்தப் பானை ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. பாடி மட்டும்தான் ஏறும். பானையை ஏற்றுவது டயர் ஒன்றுதான். 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. 265/70 போட்டால் 803. அதில் பாதி, அதாவது 13 மி.மீ., பானைக்குக் கிடைக்கும். அவ்வளவுதான் லாபம். அதற்கு விலையும் உண்டு: மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட மூன்றரை சதவீதம் வேகமாக ஓடுவீர்கள். ஐந்தாவது டயர் வண்டிக்கு அடியில் அதன் இடத்தில் நுழைகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். நான்கு பெரிய டயரும் ஒரு பழைய ஸ்டெப்னியுமாகப் போய், பஞ்சர் ஆன இடத்தில் ஃபோர்வீல் (நான்கு சக்கர இழுவை) போட முடியாமல் நிற்பதைவிடக் கேவலம் வேறில்லை.

டயரைவிட மலிவானது காற்று. தாரில் காற்றழுத்தம் 2.2 பார் என்றால் சரளைக்கு 1.6 முதல் 1.8, மிருதுவான மணலுக்கு 1 பார். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படிந்து தரையைப் பிடிக்கும். ஒரு பாரில் வேகத்தையும் வளைப்பையும் அடக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாருக்குத் திரும்புமுன் நிரப்ப வேண்டும். கம்ப்ரஸரை நேரே பேட்டரியில் மாட்டுங்கள். நல்ல கம்ப்ரஸர் 30 ஆம்பியர் இழுக்கும், சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் அதைத் தாங்காது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் லிஃப்ட், அதாவது பாடியை உயர்த்துவது. 40 மி.மீ. போதும், 50-க்கு மேல் போகாதீர்கள். முன்னால் ஷாக்கின் மேல் 25 மி.மீ. ஸ்பேசர் (இடைத்தட்டு) போட்டால் 25 ஏறும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஷாக் கீழ்க்கையின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தில் அது இரட்டிப்பை ஒட்டி ஏறும். 50-க்கு மேல் போனால் முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சீவி ஜாயிண்ட்டின் கோணம் கூடும், ரப்பர் உறை மடிப்பில் தேய்ந்து கிழியும், கிரீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும், பிறகு திரும்பும்போது டக் டக் என்று சத்தம். பின்னால் ஏற்றினால், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு ஆக்சிலை ஒரு பக்கம் இழுத்துவிடும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுபடுகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், எதிரே வருகிறவனும் யாரோ வீட்டுப் பிள்ளை.

அளவு எடுப்பது எப்படி? தரையிலிருந்து எடுக்காதீர்கள், டயர் காற்றுக்கு ஏற்ப அது மாறும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு மூலையிலும், வேலைக்கு முன்னும் பின்னும். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி, ஸ்பிரிங் கொஞ்சம் அமரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடைக்காரர்களே கோட்டைவிடுவது: சக்கரத்தைப் பிடிக்கும் கைகளின் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முடுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். அந்தரத்தில் முடுக்கிவிட்டு இறக்கினால் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். தெரிந்தவர் ஒருவரின் வண்டி பெரிய பெயர்ப்பலகை உள்ள கடையிலிருந்து இப்படித்தான் வந்தது. நான்கு புஷ்ஷும் போச்சு. அங்கே யாரும் "பேக்யார்ட்" என்று எழுதவில்லை. காபி மெஷின் இருந்ததல்லவா!

பிறகு அலைன்மென்ட். இதை வீட்டில் நூல் கட்டிச் செய்யலாம் என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை. தூக்கினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) குறையும், ஸ்டியரிங் என்3 நெடுஞ்சாலையில் அலையும். மெஷினில் வைத்துக் காகிதத்தில் எண்களை வாங்குங்கள். காஸ்டர் வரவில்லை என்றால் மேல்கையை மாற்ற வேண்டும்.

இன்சூரன்ஸ் என்னாகும் என்பீர்கள். நியாயம். மாற்றியதை எழுத்தில் தெரிவியுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தெரிவிக்காமல் இருந்துவிட்டு விபத்துக்குப் பிறகு அழக்கூடாது. வாரண்டி? கழற்றிய பாகத்துக்கு அது போகலாம். போகட்டும், வண்டி அவனுடையது.

ஆனால் "நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு ஆஃப் ரோடு" என்று கேட்டது யார்? வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 1989 வரை நிறவெறி ஆட்சியில் டர்பன் கடற்கரையையே தோல் நிறத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நம் தாத்தாமார் மணலில் எங்கே கால் வைக்கலாம் என்பதற்குப் பலகை இருந்தது. இன்று பலகை இல்லை. நம்மவர்களே அந்தப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒருவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அண்டர்பெர்க் தாண்டி சானி பாஸ் மலைப்பாதையில் ஏறி, 2,876 மீட்டர் உயரத்தில் லெசோத்தோ குளிரில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் உங்களுக்கு எங்கே எரிகிறது? (இரண்டு சக்கரம் மட்டுமே இழுக்கும் ஃபோர் பை டூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எவ்வளவு தூக்கினாலும் கீழே எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள்.)

உண்மையிலேயே பிள்ளைகள் மேல் அக்கறை என்றால் டோ பாலைப் (பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு) பற்றி எழுதுங்கள். சிக்கிய வண்டியை டோ பாலில் கயிறு மாட்டி வெடுக்கென்று இழுக்கிறீர்களே, அது உடைந்தால் பீரங்கிக் குண்டு. முன் கண்ணாடி வழியாகப் போய் ஆளைக் கொல்லும், கொன்றும் இருக்கிறது. முன்னால் இருக்கும் சின்ன வளையங்கள் கப்பலில் வண்டியைக் கட்டுவதற்கானவை, இழுக்க அல்ல. சேஸியில் போல்ட் செய்த, எடை அளவு பொறித்த ரெக்கவரி பாயிண்ட் (சிக்கிய வண்டியை இழுக்கும் கொக்கி), 4.75 டன் என்று பொறித்த 19 மி.மீ. ஷேக்கிள் (கயிறு மாட்டும் இரும்பு வளையம்), கயிற்றின் நடுவில் கனமான போர்வை வேண்டும், மற்றவர்கள் கயிற்று நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும். தம்பி இந்த ரெக்கவரி பாயிண்ட்டை மாட்டியிருந்தான். படத்திலேயே தெரிந்தது. ஒருத்தர்கூட அதைப் பாராட்டவில்லை.

ஆற்றைக் கடக்க ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்) போட்டு மார்தட்டுகிறவர்கள் டிஃப் பிரீதரை, அதாவது டிஃப் பானையின் மூச்சுக்குழாயை, நீட்டியிருக்கிறார்களா? சூடான டிஃப் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் நிறத்துக்கு வரும். பேரிங் போகும். 8 மி.மீ. ஹோஸ் சில மீட்டரும் ஒரு சின்ன ஃபில்டரும் எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது. செலவு ஸ்நார்க்கலின் ஓரத்துக்குக் காணாது. ஆனால் படத்தில் தெரியாதே, யார் செய்வார்கள்?

தம்பி, இதைப் படித்தால்: பதிவைத் திரும்பப் போடு. நான்கு மூலை அளவும் அலைன்மென்ட் காகிதமும் சேர்த்துப் போடு. சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடியதும் முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் மறுபடி பார், புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு. பின் பான்ஹார்ட் ராடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எனக்கு இன்பாக்ஸில் சொல்.