ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கம்

முதல் வேலைக்கு ஆஃபர் வந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "பேக்கேஜ் எவ்வளவு?" ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 என்று மனக்கணக்குப் போட்டு, வாடகை முதல் பைக் இஎம்ஐ வரை எல்லாம் முடிவாகிவிடும். கைக்கு வருவதோ 22,500-க்குப் பக்கம். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று புலம்பிப் பயனில்லை. கடைசிப் பக்கத்து அட்டவணையில் எல்லாமே இருந்தது, யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 30,000-க்குள்ளேயே கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,800, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 722 (அடிப்படையில் 4.81 சதவீதம்), வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் பே 3,000 எல்லாம் அடக்கம். இவை போனால் 24,478. இதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800-உம், தொழில் வரி சுமார் 200-உம் பிடிப்பார்கள். வேரியபிள் பே எப்போது தருவார்கள், குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் தருவார்கள், மார்ச்சுக்கு முன் விலகினால் கிடைக்குமா என்று எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள். போனில் வாங்கும் பதிலுக்கு மதிப்பில்லை. கிராஜுவிட்டி பொதுவாக 5 ஆண்டு இருந்தால்தான். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஓராண்டு போதும்.

என்னைக் கேட்டால், சம்பளக் குறைவைவிட இளைஞர்கள் அதிகம் கோட்டைவிடுவது பிஎஃபில்தான். பாஸ்புக்கைத் திறந்தால் உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 550 என்று இருக்கும். மிச்சத்தைக் கம்பெனி விழுங்கவில்லை. 15,000-த்தில் 8.33 சதவீதமான 1,250 பக்கத்துக் கட்டத்தில் ஓய்வூதியக் கணக்குக்குப் போயிருக்கும். முதல் வேலையை விட்டதும் "அந்தப் பணத்தை எடுத்துடு மச்சி" என்று சொல்ல ஒரு நண்பர் எப்போதும் இருப்பார். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் ஓய்வூதியத்துக்கான சேவைக்காலம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாத ஓய்வூதியத்துக்குப் 10 ஆண்டு சேவை வேண்டும். 5 ஆண்டுக்குள் 50,000-க்கு மேல் எடுத்தால் பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் பிஎஃப் அடையாள எண்ணான அதே யூஏஎன்னைப் புதிய கம்பெனியில் கொடுத்து மாற்றிக்கொண்டால் இந்த இழப்பு எதுவும் கிடையாது.

மாற்றும்போது நம் ஊரில் வழக்கமாக முட்டிக்கொள்வது இனிஷியல். ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பிஎஃபில் 'எஸ் கார்த்திக்', பானில் அப்பா பெயரை முழுதாக விரித்த 'கார்த்திக் செல்வராஜ்'. மூன்றும் ஒரே ஆள்தான், கணினிக்கு மட்டும் மூன்று பேர். சேரும் வாரத்திலேயே மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். வேலையை விட்டபின் திருத்தச் சொன்னால் பழைய எச்ஆர் போனையே எடுக்கமாட்டார். விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதிவு செய்யாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே பிஎஃப் உறுப்பினர் தளத்தில் பதியலாம்.

இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டு பற்றி ஒரு வார்த்தை. "கோர்ட்டில் அதெல்லாம் நிற்காது" என்று கமென்டில் அடித்துவிடுபவர்களை நம்பி விலகாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் போனால் 2 லட்சம் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. கேட்கும் தொகை நியாயமானதா, பயிற்சி உண்மையில் நடந்ததா என்பதை வைத்து வாதாட இடம் உண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கும், வேலைக்கு முன்பணம் கேட்கும் இடத்துக்கும் போகவே வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு. 2025-26 முதல் புதிய வரிமுறையில், சம்பளம் 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை. அதனால் "வரி மிச்சமாகும் தம்பி" என்று ஜனவரியில் எண்டோமென்ட் பாலிசியோடு (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) வரும் உறவினருக்கு இனி அந்தக் காரணம் செல்லாது. அப்படியும் விடாமல் பேசினால், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.