குதிரை சிறைக்குள் வருவது நல்லது, அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்

"கொள்ளையடிச்சிட்டு உள்ள போனவனுக்குக் குதிரை வேற கேக்குதா?" என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் ஓர் அண்ணன் எழுதியிருந்தார். சிறைக்குப் போன ஆஸ்திரேலியப் பூர்வகுடி இளைஞர்களின் மறுவாழ்வுக்குக் குதிரைகளைக் கொண்டு சிகிச்சை தருவது பற்றி நான் ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தேன். அதற்கு வந்த பதில் இது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பெர்த்தில் பல வருடங்களாக உழைத்து வாழ்கிறவர். அவர் வீட்டில் ஒருமுறை திருட்டும் நடந்திருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு வாட்ஸாப்பில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் பூர்வகுடிகளான அபோரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் சேர்ந்து நான்கு சதவீதத்துக்கும் குறைவு. சிறைகளிலோ மூன்றில் ஒருவர் அவர்கள்தான். 1983இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபர்ன் ஊரில் 16 வயதுப் பூர்வகுடிச் சிறுவன் ஒருவன் காவலில் இறந்தான். அதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில்தான் 1987இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 99 மரணங்களை விசாரித்து, 1991இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. சிறை என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. அப்போது கைதிகளில் ஏழில் ஒருவர் பூர்வகுடியினர். இப்போது மூன்றில் ஒருவர். 1991க்குப் பிறகு 500க்கும் மேற்பட்ட பூர்வகுடியினர் காவலில் இறந்திருக்கிறார்கள். சிறையில் இருக்கும் பூர்வகுடியினரில் நாலில் மூன்று பேருக்கும் மேல் ஏற்கெனவே ஒருமுறையாவது சிறை பார்த்தவர்கள். தண்டித்தால் திருந்திவிடுவார்கள் என்பவர்கள் இந்தக் கடைசிக் கணக்கை மட்டுமாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, இதில் குதிரை எங்கே வந்தது?

குதிரை அந்த மண்ணின் விலங்கு அல்ல. 1788இல் முதல் கப்பல்களோடு வந்தது. பல இடங்களில் பூர்வகுடிகள் முதன்முதலில் பார்த்த குதிரையின் மேல் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். 1928இல் மத்திய ஆஸ்திரேலியாவின் கோனிஸ்டன் பகுதியில் குதிரைப் போலீஸ்காரர் ஒருவர் தலைமையில் போன கூட்டம், வாரக்கணக்கில் சுற்றித் திரிந்து மக்களைச் சுட்டுக் கொன்றது. அரசுக் கணக்கில் 31 பேர். அந்த மக்கள் சொல்லும் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் கிம்பர்லி பகுதியில் கைதிகளைக் கழுத்தில் சங்கிலி பூட்டி, ஒருவரோடு ஒருவரைப் பிணைத்து, குதிரையில் வரும் போலீஸ்காரரோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோனார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் பலர் பெர்த்துக்கு எதிரே கடலில் இருக்கும் ராட்னெஸ்ட் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 370 பேர் அந்தத் தீவிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இன்று நம் குடும்பங்கள் அங்கே குவோக்கா என்ற சின்ன விலங்கோடு செல்ஃபி எடுக்கப் போகின்றன. போகட்டும், அழகான தீவு. ஆனால் அந்தப் புதைநிலம் இருக்கும் இடத்துக்கும் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

இந்தக் கதையின் இன்னொரு பாதி நம்மில் பலருக்குத் தெரியாது. அதே குதிரையை இந்த மக்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். வடக்கு ஆஸ்திரேலியாவின் பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணைகள் பூர்வகுடிக் குதிரைவீரர்களின் உழைப்பில் எழுந்தவை. அங்கே அவர்களை ஸ்டாக்மேன் என்பார்கள். ஆயிரக்கணக்கான மாடுகளை நாள்கணக்கில் ஓட்டிப்போய்ச் சேர்ப்பது, யாருக்கும் அடங்காத குதிரையைப் பழக்குவது, எந்தப் பருவத்தில் எந்த ஓடையில் தண்ணீர் கிடைக்கும் என்று பார்த்து வழி சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் செய்தார்கள். கூலி? மாவு, தேயிலை, சர்க்கரை, மாட்டிறைச்சி, புகையிலை. பணம் என்று கொடுத்தது மிகச் சொற்பம், பல இடங்களில் அதுவும் இல்லை. 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறினார்கள். சுமார் 200 பேர். கூலிக்காக மட்டுமல்ல, நிலம் எங்களுடையது என்று சொல்லி வெளியேறினார்கள். ஒன்பது வருடம் கழித்து, 1975இல், பிரதமர் கஃப் விட்லம் ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையில் கொடுத்தார். அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் நடந்ததுதான் என்னை மிகவும் வருத்துவது. பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சம ஊதியம் தர வேண்டும் என்ற உத்தரவு 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பண்ணை முதலாளிகள் பலர் சம்பளம் கொடுப்பதற்குப் பதில் ஆட்களையே வெளியேற்றினார்கள். மாடு மேய்க்க மோட்டார் பைக்கும் ஹெலிகாப்டரும் வந்தன. குடும்பம் குடும்பமாக ஃபிட்ஸ்ராய் கிராசிங், ஹால்ஸ் கிரீக் மாதிரியான ஊர்களின் ஓரத்தில் முகாம்களில் வந்து விழுந்தார்கள். வேலை போனது, நிலத்தில் நடமாடும் உரிமை போனது, குதிரையும் போனது. அந்த ஊர்களில்தான் குடியும் வன்முறையும் பெருகின. இன்று சிறையில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் அந்தக் குதிரைவீரர்களின் பேரப்பிள்ளைகள். தாத்தா குதிரை மேல் இருக்கும் கறுப்புவெள்ளைப் படம் வீட்டுச் சுவரில் தொங்கும், பேரன் குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். (மேற்கு ஆஸ்திரேலியாவில் 1936 முதல் 1972 வரை பறிக்கப்பட்ட கூலிக்காக நடந்த வழக்கில், 18 கோடி டாலர் வரை தருவதாக அரசு 2023இல்தான் ஒப்புக்கொண்டது. உழைத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.)

அதனால்தான் இவர்கள் விஷயத்தில் குதிரைச் சிகிச்சையைப் பொதுவான விலங்கு நேசமாக என்னால் பார்க்க முடியவில்லை. பறிபோன ஒன்று திரும்பக் கிடைப்பதாகவே பார்க்கிறேன்.

இந்தச் சிகிச்சை நடக்கும் முறையையும் சொல்ல வேண்டும். இதில் பெரும்பாலும் குதிரை மேல் ஏறுவதே கிடையாது. திறந்த அடைப்பில் ஒன்றிரண்டு குதிரைகள் கட்டவிழ்த்து விடப்பட்டிருக்கும். வருகிறவர் அதன் பக்கத்தில் போக வேண்டும், தடவிக் கொடுக்க வேண்டும், தலைக்கயிறு மாட்ட வேண்டும், குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், கயிற்றை இழுக்காமல் கூடவே நடக்க வைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் குதிரை இரையாகும் விலங்கு. புலன் எல்லாம் ஆபத்தைக் கண்டுபிடிப்பதற்கென்றே அமைந்தவை. தோளில் இறுக்கம் இருந்தால், மூச்சு வேகமாக இருந்தால், அது விலகிப் போய்விடும். 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோதே குதிரைகளின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. சத்தம் போட்டு மிரட்டி அதை வழிக்குக் கொண்டுவர முடியாது, தன்னைத் தணித்துக்கொண்டால்தான் கிட்டவே வரும். கோபத்தை அடக்கு என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுச் சலித்தவனுக்கு, கோபம் தணிந்தால் என்ன நடக்கும் என்பது கண்ணெதிரே, அந்த நொடியே தெரிகிறது.

"அதற்கு கவுன்சிலிங் இருக்கிறதே" என்பார்கள். இங்கேதான் இரண்டு ஆய்வுகளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நார்தர்ன் டெரிட்டரி எனப்படும் வடக்குப் பிரதேசத்தின் சிறைகளில் பூர்வகுடிக் கைதிகளின் காதுகளைப் பரிசோதித்தார்கள். 2011இல் வந்த முடிவு: பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஏதோ ஒரு அளவில் காது கேட்பதில் குறை. சின்ன வயதில் வந்த காது சீழ்நோய்க்கு ஒழுங்கான சிகிச்சை கிடைக்காததே முக்கியக் காரணம். இன்னொன்று பெர்த்தில், பேங்சியா ஹில் சிறார் காவல் மையத்தில் 99 பேரிடம் செய்தது, 2018இல் வெளியானது. பத்தில் ஒன்பது பேருக்கு மூளை வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒரு திறனிலாவது கடுமையான குறைபாடு. 36 சதவீதம் பேர், தாய் வயிற்றில் இருக்கும்போதே மதுவால் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள். பேச்சைப் புரிந்துகொள்வதில், நினைவில் வைப்பதில், பின்விளைவை யோசிப்பதில் இவர்களுக்குச் சிரமம் இருக்கிறது. இதோடு ஆங்கிலம் பலருக்கு இரண்டாவது, மூன்றாவது மொழி.

இப்படிப்பட்ட ஒரு பையனை மூடிய அறையில் உட்கார வைத்து, முன்பின் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டால் அது சிகிச்சையாக இருக்காது, போலீஸ் விசாரணையின் இன்னொரு வடிவமாகத்தான் அவனுக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான். குதிரை அவனிடம் கேள்வி கேட்பதில்லை, அவனைப் பற்றிய வழக்குக் கோப்புகளையும் படித்திருக்காது. கையும் கண்ணும் உடம்பும் போதும். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, யாரையும் நேராகப் பார்க்காமல், அவனாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் சொல்வான். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கிம்பர்லியில் நடக்கும் யாவர்தானி ஜங்கா என்ற குதிரைத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்திருப்பதற்கும் இதுதான் காரணம். நியங்குமார்த்தா இனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜூலி காஃபின் தலைமையில் புரூம் ஊரில் தொடங்கி, கிம்பர்லியின் மற்ற ஊர்களுக்கும் போயிருக்கிறது. யாரோ வெள்ளைக்கார நிபுணர் மாதம் ஒருமுறை விமானத்தில் வந்து இறங்கிப் போகும் திட்டம் அல்ல. உள்ளூர்ப் பூர்வகுடியினரையே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் நடத்துகிறார்கள். முக்கியமாக, சிறைக்குப் போவதற்கு முன்பே. கிம்பர்லியில் சிறுவர்களும் இளைஞர்களுமாக 13 பேர் இறந்தது பற்றிய மரண விசாரணை அறிக்கை 2019இல் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் மன வலியை அது விரிவாகப் பதிவு செய்தது. அதைப் படித்தவர்களுக்கு இந்தத் திட்டம் ஆடம்பரமாகத் தெரியாது.

கனடாவிலும் இதே மாதிரி உண்டு. சஸ்காட்சவானில், பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றை முகர்ந்து அடிமையான பூர்வகுடிச் சிறார்களுக்கான மையம் ஒன்றில் குதிரைகளோடு கற்கும் திட்டத்தைச் சேர்த்தார்கள். அங்கே ஆய்வு செய்தவர்கள், அந்தப் பிள்ளைகளின் பண்பாட்டுக்குப் பொருந்துவதாக இருந்ததால்தான் அது பயன்பட்டது என்று எழுதினார்கள். சமவெளிப் பூர்வகுடிகளின் வாழ்வில் குதிரைக்கு இருந்த இடம் எல்லோரும் அறிந்ததுதானே.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களில் முடிந்துவிடுபவை. பத்து வாரம் குதிரையோடு பழகியவர் மறுபடி குற்றம் செய்யவே மாட்டார் என்று யாராவது சொன்னால் நானும் நம்ப மாட்டேன். பாதிக்கப்பட்டவர்களின் கேள்வியும் உண்மையானது. சிறையில் இருப்பவர்களில் வீட்டுப் பெண்களை அடித்து நொறுக்கியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் பூர்வகுடிப் பெண்கள்தான். அவன் திரும்பி வரப்போவது அவர்களிடம்தான். மாறாமல் வருவதைவிட, தன் கோபத்தை அறிந்தவனாக வருவது யாருக்கு அதிகம் தேவை? அந்தப் பெண்களுக்குத்தானே. அவர்களுக்கான பாதுகாப்பு இல்லங்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துக் குதிரை வாங்குங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிறைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியைத்தான் கேட்கிறோம். ஒரு சிறாரைக் காவலில் வைக்கச் சராசரியாக ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் செலவாகிறது இந்த நாட்டில். அத்தனை செலவழித்து, மறுபடியும் உள்ளே வரும் ஒருவனைத்தான் உருவாக்கி அனுப்புகிறோம்.

என் குறை வேறு. சிறைக்குள் குதிரைத் திட்டங்கள் புதிதல்ல. நியூ சவுத் வேல்ஸில் மஸ்வெல்ப்ரூக் பக்கம் செயின்ட் ஹெலியர்ஸ் சிறையில், ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைகளைக் கைதிகள் பராமரித்துப் பழக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் சிறைக்குள் மட்டும் இருக்கும் குதிரை, நன்னடத்தைக்குக் கொடுக்கும் சலுகையாகச் சுருங்கிவிடும். ஏதோ சச்சரவு வந்தால் முதலில் பறிபோவது அதுதான். ஊழியர் பற்றாக்குறை என்றால் அன்றைக்குக் குதிரை கிடையாது. விடுதலையாகி ஊருக்குப் போனால் அங்கே குதிரையும் இல்லை, பழக்கிய ஆளும் இல்லை, வேலையும் இல்லை. அப்படிப் பாதியில் அறுபடுவது, ஏற்கெனவே பலமுறை கைவிடப்பட்டவனுக்கு இன்னொரு கைவிடல்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே நாடு எதிர்த்திசையில் போகிறது. வடக்குப் பிரதேசம், ஒரு பிள்ளை மேல் குற்ற வழக்குப் போடக்கூடிய குறைந்தபட்ச வயதை 2023இல் 12ஆக உயர்த்தியது, 2024இல் புதிய அரசு வந்ததும் மறுபடி 10ஆக இறக்கியது. பத்து வயது! நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளையைச் சாலையைத் தாண்டத் தனியாக விட மாட்டோம். குயின்ஸ்லாந்து, பெரியவர் செய்யும் குற்றத்துக்குப் பெரியவருக்குரிய தண்டனை என்ற முழக்கத்தோடு சிறார்களுக்கான தண்டனையை 2024 டிசம்பரில் கடுமையாக்கியது. இந்த முழக்கத்துக்கு நம் தமிழ்க் குழுக்களிலும் கைதட்டல் கேட்கிறது. ஒரு குழந்தை பிறக்கும்போதே குற்றவாளி என்று எழுதிவைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை இதே பிரிட்டிஷ் பேரரசுதான் நம் ஊரிலும் கொண்டுவந்தது. அதற்கு எதிராக 1920இல் பெருங்காமநல்லூரில் உயிர் கொடுத்தவர்களின் மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். நாமும் கைதட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பூர்வகுடி அமைப்புகளே நடத்தும் குதிரைத் திட்டங்களுக்கு, இரண்டு மூன்று வருட மானியமாக இல்லாமல் நிலையான நிதி. அதில் வேலை செய்யும் உள்ளூர் ஆட்களுக்கு நிரந்தரச் சம்பளம். நீதிபதி ஒரு சிறுவனைக் காவல் மையத்துக்கு அனுப்பும் முன், அவன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்ப வழி. உள்ளே இருப்பவருக்குத் தொடங்கியது வெளியே வந்தபின்னும் அதே ஆட்களோடு தொடர வேண்டும். பூர்வகுடிகள் கைக்குத் திரும்பியிருக்கும் மாட்டுப் பண்ணைகள் வடக்கில் இருக்கின்றன. அங்கே அவர்களுக்குக் கூலியோடு வேலை கிடைக்க வேண்டும், தாத்தாவுக்குக் கிடைக்காத முழுக் கூலியோடு. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு நம் சங்க விழாவுக்கு வேட்பாளர் வந்து பொன்னாடை போர்த்திக்கொள்ளும்போது, பத்து வயதுப் பிள்ளையைச் சிறையில் வைப்பதை ஆதரிக்கிறாரா என்று நான் மேடைக்குக் கீழே நின்று கேட்கத்தான் போகிறேன். குழுவில் கேள்வி கேட்ட அந்த அண்ணனும் என்னோடு வந்தால் மகிழ்ச்சி.