சாளை மீனுக்கு என்ன குறைச்சல்?

போன வாரம் சென்னையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா. யாரோ சொன்னார்கள் என்று அத்தானுக்கு வாங்கி வைத்திருக்கிறாள். "சாளை வாங்கிக் குழம்பு வைக்கலாமே" என்றேன். சென்னையில் அதை மத்தி என்பார்கள். "ஐயோ, மாடி முழுக்க வாடை அடிக்கும். வாங்கினா வஞ்சிரம், இல்லேன்னா வேண்டாம்" என்றாள். குளச்சல் பக்கம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் தின்று வளர்ந்தவள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த மாத்திரைக்குள் இருப்பது பெரும்பாலும் நெத்திலி, சாளை வகை மீன்களின் எண்ணெய்தான். பல நேரம் பெரு நாட்டுக் கடலில் பிடித்துப் பிழிந்து, டப்பாவில் அடைத்து நம் மேசைக்கு வருகிறது. இதயத்துக்கு நல்லது என்கிற ஒமேகா 3 கொழுப்பு நம்மூர் சாளையிலேயே நிறைய உண்டு. கூடவே புரதம், பி12, வைட்டமின் டி. நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் கால்சியமும் சேரும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை என்றால் அது வேறு, அதை நிறுத்தக் கூடாது.

மீனில் சேரும் பாதரசம் என்ற நச்சு உலோகத்துக்குப் பயந்து கர்ப்பிணிகளுக்கு மீனே கொடுக்காத வீடுகள் இருக்கின்றன. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று, பல வருடம் உடம்பில் சேர்த்துக்கொள்வது அது. பெரிய சுறாவைத் தவிர்ப்பது சரி. சாளையும் நெத்திலியும் கடலில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைத் தின்று கொஞ்ச காலமே வாழ்பவை. அவற்றில் பாதரசம் மிகக் குறைவு. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய டி.எச்.ஏ. கொழுப்பு இருக்கிற மீனை விலக்கி வைக்கலாமா?

இன்னொன்று, நாம் சமைக்கும் விதம். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் நல்ல மீனும் வெறும் எண்ணெய்ப் பலகாரம்தான். அம்மா சாளையின் செதிலை உரசி, தலையைக் கிள்ளி இழுப்பாள். குடலும் கூடவே வந்துவிடும். தேங்காய், மல்லி, மிளகாய் வத்தல் அரைத்து, புளி கரைத்து மண்சட்டியில் வைப்பாள். கரண்டி போடவே மாட்டாள், மீன் உடைந்துவிடும். துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்று, அவ்வளவுதான். கொழுப்பேறிய பருவத்தில் மீனின் எண்ணெயே மேலே மிதக்கும்.

கருவாட்டில் மட்டும் கவனம் வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.

கிளம்புகிற அன்று காலையில் காசிமேட்டில் ஒரு கிலோ சாளை வாங்கி வந்து நானே வைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, தொட்டியை எலுமிச்சைத் தோலால் தேய்த்தோம். சாயங்காலத்துக்குள் வாடை போய்விட்டது. அத்தான் சட்டியில் ஒட்டியிருந்ததையும் சோறு போட்டு வழித்துச் சாப்பிட்டார்.