அது கச்சேரி இல்லை, தம்பி

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எந்த வீடியோ என்று விளக்க வேண்டியதில்லை. அயர்லாந்தில் உள்ள தமிழ் வாட்ஸ்அப் குரூப் ஒன்றையும் விடாமல் சுற்றி, தஞ்சாவூரில் என் மாமியார் கை வரைக்கும் போய், "உங்க ஊராமே" என்று எனக்கே திரும்பி வந்துவிட்டது. ஆமாம் அத்தை, எங்க ஊர்தான். எங்க ஊர் பப்தான், அந்த மூலை மேசைதான், ஆடுகிறவரை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும்.

நம்ம தமிழ்த் தம்பி ஒருவர் பப்பில் எடுத்துப் போட்ட நாற்பது விநாடி வீடியோ. 82 வயது மனிதர் எழுந்து நின்று, கைகளைத் தளர விட்டு, இடுப்புக்கு மேல் அசையாமல், ஷூ தரையில் படபடவென்று விழ ஆடுகிறார். அதன்மேல் வடிவேலு குரல். கீழே, "ரெண்டு மணி நேரமா ஒரே பாட்டு, தாத்தாவுக்கு மட்டும் கரண்ட் பாஸ் ஆகுது."

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் ஒன்றும் நகைச்சுவை தெரியாத ஜென்மம் இல்லை. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். அது கச்சேரி இல்லை, தம்பி.

மேடை பார்த்தீர்களா? மைக் பார்த்தீர்களா? டிக்கெட் வாங்கினீர்களா? எட்டுப் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாதிப் பேர் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். பால் கறந்துவிட்டு வந்த விவசாயி, ஸ்கூல் டீச்சர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இதற்கு செஷன் என்று பெயர். கிளேர் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு செஷனில் விழலாம். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணிக்கு அவர்கள் தங்களுக்காக வாசிக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சந்தோஷம், கேட்காமல் பேசிக்கொண்டிருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் வீட்டுக் கூடத்தில் நுழைந்து, அவர்கள் குடும்பமாகப் பாடிக்கொண்டிருப்பதைப் படம் பிடித்து "போர் அடிக்குது" என்று போட்ட மாதிரிதான் இருந்தது எனக்கு.

அப்புறம் அந்த "ஒரே பாட்டு". ஒரு ட்யூனுக்கு எட்டு எட்டு பாராக (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) இரண்டு பாகம், ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக மொத்தம் 32 பார். அதை இரண்டு மூன்று தடவை வாசித்து, நிறுத்தாமல் அப்படியே அடுத்த ட்யூனுக்குத் தாவுவார்கள். எது அடுத்தது என்பது ஆரம்பித்தவர் மனதில் இருக்கும், மற்றவர்கள் முதல் இரண்டு ஸ்வரத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். காகிதம் கிடையாது. ட்யூனில் வகை உண்டு: ஜிக் என்றால் தகிட தகிட, ரீல் என்றால் தகதிமி, ஸ்லிப் ஜிக் என்றால் தகிட மூன்று முறை. தாளம் தெரிந்த ஊரிலிருந்து வந்தவர்தானே நீங்கள்? அந்த இரண்டு மணி நேரத்தில் குறைந்தது நாற்பது ட்யூன் போயிருக்கும். உங்களுக்கு ஒன்றாகக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆலாபனை எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது. அவர் அதை வீடியோ போடவில்லை.

நான் மட்டும் ஒழுங்கா? ஒழுங்கில்லை. முதல் தடவை போனபோது நானும் போனை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். பாதியில் கை தட்டினேன். போதாததற்கு, டிவியில் பார்த்த அந்தப் பெரிய மேடை ஆட்டத்தின் பாட்டை வாசிப்பீர்களா என்று வேறு கேட்டேன். (ரிவர்டான்ஸ். 1994இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளைக்காக ஏழு நிமிடம் ஆடி உலகப் புகழ் பெற்றது.) யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்தப் பெரியவர்தான் சிரித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை ஹாலுக்கு வா" என்றார்.

ஹாலில் மாதம் ஒரு முறை கூட்டு நடனம். அதன் பெயர் உச்சரிப்பில் ஏறக்குறைய நம்ம 'கேலி'தான். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன். இன்றைக்கு அந்த வார்த்தையைத் தமிழில் எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அங்கே ஆடுவது செட். நாலு ஜோடி சதுரமாக நிற்க வேண்டும், எட்டுப் பேர் சேராமல் ஆரம்பிக்க முடியாது. கிளேரில் கலிடோனியன் செட்தான் ராஜா. அன்றைக்கு ஏழு பேர் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்கள். நான் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, முதியோர் இல்லத்தில் நைட் ஷிஃப்ட், கணவரும் குழந்தையும் இன்னும் ஊரில், விசா வரவில்லை. அந்த நாலு மாதத்தில் என்னை யாரும் "நீ இல்லாமல் முடியாது" என்று பார்த்ததில்லை. எனக்கு வலது கால் எது இடது கால் எது என்றே தெரியவில்லை, ஆறு பேர் காலை மிதித்தேன், ஏழாவது ஆளாக இவர் காலை. முடிந்ததும் டீ, சாண்ட்விச், வெண்ணெய் தடவிய பிரவுன் பிரெட். வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு.

பொது இடம்தானே, யாரும் வீடியோ எடுக்கலாமே. எடுக்கலாம், சட்டப்படி தப்பில்லை. சட்டம் தெரிந்த அண்ணன்களுக்கு வணக்கம்.

பிள்ளையை பாருக்குக் கூட்டிப் போகிற உனக்கு என்ன யோக்கியதை என்று ஒருவர் ஏற்கெனவே இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். இங்கே 15 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை பெற்றோருடன் பப்பில் இருக்கலாம், இரவு ஒன்பதுக்கு, கோடையில் பத்துக்கு, வெளியே வந்துவிட வேண்டும். என் மகள் பிளாக்கரண்ட் ஜூஸ் குடித்துக்கொண்டு கான்சர்டினா (கையில் பிடித்து வாசிக்கும் சின்னத் துருத்திப் பெட்டி) வாசிக்கிறாள், ஏழு மணிக்கு வீட்டில் தோசை. நீங்கள் நடத்துகிற தீபாவளி பார்ட்டியில் கார் டிக்கிக்குள் நடப்பதை நான் பேசவில்லை, பேசவும் மாட்டேன்.

இந்த ஐரிஷ் பாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டாரே, நோட்டுஸ்வரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமே, அதில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளும் இருக்கின்றன. அவர் தம்பி பாலுசுவாமி வயலினையே ஐரோப்பியரிடம்தான் கற்றார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் காதில் ஏறியது உங்கள் காதில் ஏறவில்லை என்றால் நான் என்ன செய்ய?

அவங்க மட்டும் நம்மளைக் கிண்டல் பண்ணலையா? பண்ணுகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் பண்ணியது இவரா? யாரோ ஒரு பொடியன் கத்தினதற்கு 82 வயது மனிதரைப் பழிவாங்குவது என்ன நியாயம்? இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அவர் காலைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் பாட்டி வீட்டு அடுக்களையிலிருந்து. அடுப்புக்கு முன்னால் பதித்த கல்லுக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்திருந்தார்களாம், ஆடும்போது சத்தம் கணீரென்று கேட்க. 1935இல் ஒரு சட்டம் வந்தது, பொது நடனத்துக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும் என்று. வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடி ஆடுவதைக்கூட அதை வைத்துப் பாதிரியாரும் போலீசும் நிறுத்தினார்கள். மேற்கு கிளேர் ஃபிடில் (வயலினுக்கு இங்கே சொல்லும் பெயர்) கலைஞர் ஜூனியர் க்ரெஹன் கடைசி வரை இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டவர். அந்தச் சட்டத்தையும் தாண்டி, லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பாதி ஊர் போனதையும் தாண்டி மிஞ்சியவை அந்தக் கால்கள். ஜூலையில் மேற்கு கிளேரில் உள்ள மில்டவுன் மால்பே போய்ப் பாருங்கள். பைப் (துருத்தி வைத்த குழல்) வாசித்த வில்லி கிளான்சி இறந்த 1973இலிருந்து அவர் பெயரில் வருஷா வருஷம் கோடைப்பள்ளி நடக்கிறது, ஜப்பானிலிருந்தெல்லாம் வந்து இதே காலடிகளைக் காசு கொடுத்துக் கற்கிறார்கள். நீங்கள் ஓசியில் பார்த்தீர்கள்.

சரி, கோபம் எங்கேயோ இழுக்கிறது. ஆனாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? டப்ளினில் நம்மாட்களை அடித்த செய்தி தினம் ஒன்று, தூதரகம் எச்சரிக்கை விட்டது, அங்கே ஃபார்ம்லி மாளிகையில் நடக்க வேண்டிய இந்தியா டே விழா தள்ளிப்போனது. அதே சமயத்தில் வெக்ஸ்ஃபர்டில் ஃப்ளா, நாட்டிலேயே பெரிய இசைத் திருவிழா, தெருவெல்லாம் ட்யூன். மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், பயத்தில் போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஞாயிறு செஷனுக்கும் போகவில்லை. திங்கள் காலை வாசலில் இவருடைய பழைய கார். "பின் சீட் காலியாக இருக்கிறது, ஃபிடிலை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும்." அவ்வளவுதான் சொன்னார். எங்களைக் காப்பாற்ற வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. வெக்ஸ்ஃபர்ட் தெருவில் மகள் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தபோது மூன்று மணி நேரம் பின்னால் நின்றார், முட்டி வலியோடு.

நேற்று அவர் பேத்தி வீடியோவை அவரிடம் காட்டியிருக்கிறாள். என்னிடம் போனை நீட்டி, "இந்த ஆள் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். கீழே எழுதியிருப்பதையும் படிக்கச் சொன்னார். நான் பொய் சொன்னேன். இந்த வயதில் இப்படி ஒரு காலா என்று ஆச்சரியப்படுகிறார்கள் என்றேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. அமெரிக்காவில் இருக்கிற தங்கைக்கு அனுப்ப முடியுமா என்றார். அனுப்பிக் கொடுத்தேன்.

வீடியோ போட்ட தம்பிக்கு: நீக்கச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன், இப்போது அதுவும் முடியாமல் போய்விட்டது. அந்த எழுத்தை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். ஞாயிறு ஐந்து மணிக்கு வேண்டுமானால் வாருங்கள், ஜன்னல் பக்கத்து ஸ்டூல் அவருடையது, அதில் மட்டும் உட்காராதீர்கள்.